பென்குவினுக்கு ஒரு வாக்குத்தத்தம்

அத்தியாயம் 11

"இந்தாருங்க மாமி, பத்திரமாட்டு வைங்க" என்று ரெனிஷா ஞாயிற்றுக்கிழமை பெங்களூரு போகும் ரயிலின் டிக்கெட்டை நீட்டியதும், நேசம்மாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அதை வாங்கிக்கொண்டதும் போன வாரத்துக் கதை. அந்த டிக்கெட் இப்போது எங்கே இருக்கிறது என்பது நமக்கு மட்டும் தெரியும். அரிசிப் பானையில், அடியோடு அடியாக. கண்ணில் படாமல் கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை வராமலே போய்விடும் என்று நேசம்மாளுக்கு ஒரு நப்பாசை.

ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டதே!

குமரி மாவட்டத்து அருமனைக்கு வெளியே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிற அந்த வீட்டில் இப்போது மூன்றே பேர். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற ஞானசிங், அவர் மனைவி நேசம்மாள், மருமகள் ரெனிஷா. மகன் பெனிஷ் கல்யாணம் முடித்த சூட்டோடு மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டான். ரெனிஷா வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதும் அவள் பெட்டியோடு மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கம்ப்யூட்டர் புரோகிராம்களில் எங்கே தப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிப்பது அவள் தொழில். பெங்களூரில் ஓர் இடம் தயாராக இருக்கிறது. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் இன்னொரு கம்பெனி, வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கலாம் என்கிறது. அதற்கு இன்று மத்தியானம் மூன்று மணிக்கு இன்டர்வியூ. கிடைத்தால் ரெனிஷா இங்கேயே இருப்பாள். கிடைக்காவிட்டால் அரிசிப் பானைக்குள் கை விட வேண்டியதுதான்.

"வந்துதா மக்ளே?" என்று காலையிலிருந்து எத்தனையாவதோ தடவையாக நேசம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வரல மாமி" என்றாள் ரெனிஷா, லேப்டாப்பில் இருந்து கண்ணை எடுக்காமல்.

வர வேண்டியது வைஃபை.

லேப்டாப் பெனிஷ் காலேஜில் படித்தபோது வாங்கியது. அலமாரியில் தூங்கிக் கிடந்ததை ரெனிஷா எழுப்பினாள். எழுப்பினாலும் அது எழுந்திருக்கிற வழியாக இல்லை. ஆன் செய்துவிட்டுப் போய் கட்டங்காப்பி போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு அதில் இருந்த பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட்டும் கிடையாதாம். கூடப் படித்த பிரபினைக் கேட்டாள். அவன் ஒரு பென்டிரைவையும், பென்குவின் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றையும் கொடுத்தான். "விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போடு. பென்குவின்தான் அதுக்கு அடையாளம். பழைய வண்டியும் பறக்கும்" என்றான்.

பறக்கத்தான் செய்தது. புதன்கிழமை சாயங்காலம் லினக்ஸ் ஏறி முடித்தபோது லேப்டாப் கண் மூடித் திறப்பதற்குள் முழித்தது. ரெனிஷா கூடத்தில் ஓர் ஆட்டமே ஆடினாள். லேப்டாப்பின் மூடி நிறையப் பென்குவினை ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்து வைஃபையைத் தேடினால், அது இல்லை. வியாழக்கிழமை முழுக்கத் தேடினாள். அப்போதும் இல்லை.

"பென்டிரைவுல வச்சுப் பாத்தப்பம் நல்லாட்டு வந்துது மாமி. உள்ள ஏத்தின பெறவுதான் காணோம். இந்த லினக்ஸு என்னைய வச்சு வெளையாடுது."

போனைக் கேபிளில் குத்தி அதன் வழியாக இழுத்துப் பார்த்தாள். அவள் போனில் கேபிள் குத்துகிற இடம் லூஸ். சார்ஜ் ஏறும், அதற்கு மேல் ஒன்றும் ஏறாது. மாமாவும் மாமியும் வைத்திருப்பது பட்டன் போன். பக்கத்து வீட்டு இசபெல்லின் லேப்டாப்பை அவள் மகன் காலேஜுக்குக் கொண்டுபோய்விட்டான். தக்கலையில் நெட் சென்டர் உண்டு. ஆனால் இன்டர்வியூவோடு, போனில் எழுத முடியாத ஒரு தேர்வும் இருக்கிறது. தேர்வு எழுதுகிற அறையில் வேறு ஓர் ஈ காக்கை இருக்கக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குக்கூட நேசம்மாள் போகவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக் காரியதரிசி ஜெபத்துக்கு வரவில்லை என்றால் சபையில் என்ன பேசுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பேசட்டும் என்று இருந்துவிட்டாள்.

அவள் வாய்ப்பேச்சை மட்டும் கேட்டவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். "கெட்டிக் கொடுத்த பிள்ளைக்கு இனி என்னத்துக்கு வேல?" என்று கல்யாணமான புதிதில் அவள் சொன்னது மஸ்கட் வரை போய்ச் சேர்ந்த பேச்சு. ஆனால் அது அப்போது. இந்தப் பிள்ளை வந்து, குளிமுறியில் உரக்கப் பாடி, மரச்சீனிக் கிழங்கு வேகுமுன்னே பாதியைத் தின்று, மாமனாரின் மீசையைக் கிண்டல் பண்ணி, அவரையும் சிரிக்க வைத்து... நேசம்மாளுக்கு மகள் இல்லை. இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பாள் என்று தோன்றும். தோன்றுகிறதே தவிர, அதை வாய் திறந்து சொல்ல அவளுக்கு ஒருநாளும் வராது.

அதனால் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்திருந்தாள்.

புத்தாண்டு ஆராதனையில் சபையில் எல்லாருக்கும் அந்த வருடத்து வாக்குத்தத்த வசனத்தை, அதாவது கடவுள் தரும் வாக்குறுதி என்று பைபிளில் இருந்து எடுத்த வரியை, ஸ்டிக்கராகக் கொடுத்தார்கள். மிச்சம் இருந்த கட்டு காரியதரிசி கையில். நேசம்மாள் விடுவாளா? பிரிட்ஜில் ஒட்டினாள். மிக்சியில் ஒட்டினாள். மோட்டார் சுவிட்சுக்கு ஒன்று, ரப்பர் ஷீட் அடிக்கிற மெஷினுக்கு ஒன்று, ஞானசிங்கின் ஸ்கூட்டர் நெற்றியில் ஒன்று. அந்த வீட்டில் வசனம் இல்லாமல் ஓடுகிற பொருள் எதுவும் கிடையாது. அப்படி இருக்க, புது சிஸ்டம் போட்ட லேப்டாப்பை மட்டும் வெறுமனே விட்டால் ஆகுமா?

புதன்கிழமை ரெனிஷா குளிக்கப் போன நேரம். நேசம்மாள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு லேப்டாப் பக்கத்தில் போனாள். மூடி முழுவதையும் அந்தப் பறவை அடைத்துக்கொண்டிருந்தது. பறவை மேல் வசனம் ஒட்ட மனசு வரவில்லை. மூடிக்குக் கீழே, லேப்டாப்பின் வலது பக்கவாட்டு ஓரத்தில் விரல் அகலத்துக்கு இடம் கிடந்தது. கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்தப் பிள்ள எங்கயும் போவப்பிடாது" என்று ஜெபித்தாள். ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளே காற்று நிற்காதபடி பெருவிரலால் இந்த முனையில் இருந்து அந்த முனை வரை அழுத்தித் தேய்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

"காத்துல வாறத நம்பாதன்னு நான் அப்பமே சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டே ஞானசிங் உள்ளே வந்தார். தோளில் நீல நிற ஒயர் ஒரு சுருள். அருமனை ஜங்ஷன் வரை போய் வாங்கி வந்திருக்கிறார். "ஒயரில்லாம வாறது ஒண்ணும் நெலைக்காது. முன்வாசல் ரூட்டர்ல இருந்து ஒன் ரூம் வரைக்கும் நான் இழுத்துத் தாறேன்."

"மாமா, இந்த லேப்டாப்புல ஒயர் குத்துத எடம் செத்துப் போச்சு. காலேஜ் படிக்கும்பம் ஒரு ஐப்பசி மாசம் அடிச்ச இடியில போச்சுன்னு அத்தான் சொன்னாங்க."

"கரண்டு பாஞ்ச எடம் அப்பிடி லேசில சாவாது. நான் எத்தன இடியப் பாத்தவன்! நீ சும்மா இரி."

ஏணியை எடுத்துச் சாத்தினார். ஓய்வு பெற்ற பிறகு இந்த மனுஷன் இவ்வளவு சந்தோஷமாக ஏணி ஏறி நேசம்மாள் பார்த்ததில்லை. சுவர் ஓரமாக ஒயர் ஓடியது, ஜன்னலுக்கு மேலே வளைந்தது, ரெனிஷாவின் மேஜைக்கு இறங்கியது. லேப்டாப்பில் குத்தினார். ஒரு சின்ன வெளிச்சம்கூட வரவில்லை.

"அந்த முனையிலதான் கோளாறு" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனார்.

அடுப்பில் சோறு வடித்து வைத்தபடி ஆறிக்கொண்டிருந்தது. சாப்பிட யாரும் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே நேசம்மாளுக்கு வெப்ராளமாக, ஒரே பதைப்பாக இருந்தது. ரெனிஷா நகத்தைக் கடித்துக்கொண்டு கறுப்புத் திரையில் எதையோ அடித்தாள். அப்புறம் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மாமி, இங்க வாங்க! இதப் பாருங்க!"

நேசம்மாளுக்குத் திரையில் இருந்தது ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரித் தலையை ஆட்டினாள்.

"உள்ள சாஃப்ட்வேர்ல எதாவது தடுக்குதான்னு கேட்டேன். இல்லங்குது. அப்பம் மெஷின்ல தடை உண்டான்னு பாத்தா, உண்டுங்குது. பாவம் மாமி, லினக்ஸு மேல ஒரு தப்பும் இல்ல. இதுல எங்கயோ கையால போடுத சுவிட்சு ஒண்ணு ஆஃப்ல கெடக்கு. நான் ரெண்டு நாளாட்டு இத வெறுதே ஏசிட்டிருந்திருக்கேன்."

லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தாள். சுவிட்சு எதுவும் தட்டுப்படவில்லை. உடனே மஸ்கட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தான், ஒங்க லேப்டாப்புல வைஃபைக்குத் தனியாட்டு சுவிட்சு உண்டா?"

"உண்டு. அத மறந்தே போனேன் பாரு!" என்றான் பெனிஷ். "வலது பக்கம் ஓரத்துல இருக்கும். நகத்தால தள்ளுத மாதிரி சின்னது."

ரெனிஷா வலது பக்கத்தைத் திருப்பினாள். "இங்க ஒண்ணும் இல்லியே. வசன ஸ்டிக்கர்தான்..."

அழுத்தித் தேய்த்த பெருவிரல் நேசம்மாளை அறியாமலே சேலைக்குள் ஒளிந்துகொண்டது. எந்தப் பிள்ளை போகக் கூடாது என்று ஜெபித்தாளோ, அந்தப் பிள்ளையைத் தன் கையாலேயே ரயில் ஏற்றப் பார்த்திருக்கிறாள்!

"வசனமா?" போனில் பெனிஷின் குரல் மாறியது. "எம்மா, நீதானா? அவ வேலைக்குப் போறது ஒனக்குப் புடிக்காதுன்னு தெரியும். அதுக்காவ இப்பிடியா செய்வ?"

"அத்தான், கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் ரெனிஷா. ஆனால் அவள் கண்ணும் மாமியின் முகத்தில்தான் இருந்தது.

நேசம்மாளுக்கு இத்தனை நாள் வராத பேச்சு, இப்போது அவளைக் கேட்காமலே வந்தது.

"ஆமாலே, நாந்தான் ஒட்டினேன். அவ போவப்பிடாதுன்னுதான் ஒட்டினேன். அங்கன சுவிட்சு இருக்குன்னு நான் கண்டேனா? இந்த வேல அவளுக்குக் கெடைக்கணும், அவ இங்கனயே இருக்கணும்னு ஜெபிச்சு ஒட்டினேன். அவ பெங்களூருக்குப் போயிட்டான்னா இந்த வீட்டுல எனக்கு யாரு இருக்கா? ஒங்கப்பா கூட நான் என்னத்தப் பேச? ஒயரப் பத்தியா?"

ரெனிஷா போனைக் கட் பண்ணிவிட்டு எழுந்தாள். முதலில் அவள் உதடு கோணியது. அழப் போகிறாள் என்று நினைத்து நேசம்மாள் பதறினாள். ஆனால் வந்தது சிரிப்பு. சிரிப்பென்றால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய வந்த சிரிப்பு. மாமியைச் சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமி, இத ஒரு வாரம் முந்தியே பறயப்பிடாதா?"

"எனக்கு அப்பிடியெல்லாம் பறயத் தெரியாது மக்ளே" என்றாள் நேசம்மாள். அவளும் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும்தான் இருந்தாள். "ஸ்டிக்கரக் கிழிச்சிராத. வசனமாக்கும்."

தேங்காய் எண்ணெய் தொட்டு, ஓரத்தை நகத்தால் கிளப்பி, கிழியாமல் உரித்து எடுத்தார்கள். அடியில் ஆஃப் பக்கமாகத் தள்ளப்பட்டுக் கிடந்தது ஒரு சின்ன சுவிட்சு. சின்னதென்றால் அரிசி மணிக்கு அண்ணன், அவ்வளவுதான்.

"நீங்களே தள்ளுங்க மாமி."

நேசம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். அதே நேரம் முன்வாசலில் ஏணி மேல் இருந்து ஞானசிங் கத்தினார். "நல்லாட்டு அமுக்கியிருக்கேன்! இப்பம் பாரு மக்ளே!"

திரையின் மூலையில் விசிறி மாதிரி ஒரு குறி எழுந்து நின்றது. வீட்டு நெட்டின் பெயர் வந்தது, பக்கத்து வீட்டு இசபெல்லுடைய பெயரும் வந்தது.

"வந்தாச்சு மாமா!" என்று ரெனிஷா போட்ட கூச்சலில் முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின.

"நான் சொன்னேம்லா! ஒயருன்னா ஒயருதான்!"

மாமியும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏணி மேல் அந்த மனுஷன் இருந்த இருப்பைப் பார்த்தால், உண்மையைச் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

"ஆமா, ஒங்க ஒயருதான். பைய எறங்குங்க" என்றாள் நேசம்மாள்.

இன்டர்வியூ தொடங்கியது. ரெனிஷா தன் போனை மாமியிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அந்த வீடு நேசம்மாளின் கட்டுப்பாட்டில். மிக்சி ஓடக் கூடாது. மோட்டார் ஓடக் கூடாது. "நான் இருமலாமா?" என்று ஞானசிங் கேட்டார். ரப்பர் தோட்டத்துக்குள் போய் இருமிவிட்டு வரச் சொன்னாள். இலை உதிர்கிற காலம். அவர் நடந்து போன சரசரப்புகூட அவளுக்கு அதிகமாகத்தான் பட்டது.

அப்போதுதான் மீன்கார முருகதாஸ் பைக்கில் வந்து திருப்பத்திலேயே ஹாரனில் கை வைத்தான். நேசம்மாள் செருப்பில்லாமல் ஓடினாள். வாயில் விரலை வைத்து, இரு கையையும் விரித்து, வண்டியை மறித்து நிறுத்தினாள்.

"என்ன அக்கா, வீட்டுல யாருக்காவது..." என்று அவன் பதறினான்.

"வாய மூடுடே. மருமவளுக்கு இன்டர்வியூ."

அவன் பயந்துபோய் அதன் பிறகு விரலாலேயே விலை சொன்னான். இவள் தலையை ஆட்டியே பேரம் பேசினாள். பேச்சில்லாத பேரம் எப்படி முடியும்? தேவைக்கு மேல் சாளை மீன் வாங்கிக்கொண்டு வந்தாள். அவன் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வளைவு வரை தள்ளிக்கொண்டே போனான்.

கதவு திறந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. ரெனிஷா வெளியே வந்தாள்.

"என்ன மக்ளே? கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னியா?"

"தேர்வு லேசாத்தான் இருந்துது மாமி. கடைசியாட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. சமீபத்துல நீங்க கண்டுபிடிச்ச ஒரு தப்பச் சொல்லுங்க, எப்பிடிக் கண்டுபிடிச்சியன்னு."

"நீ என்ன சொன்ன?"

"ஸ்டிக்கர் கதையச் சொன்னேன்."

"ஐயோ! எம் மானத்த வாங்கிட்டியே!"

"அந்த மேடம் சிரிச்ச சிரிப்பு இருக்கே! அவங்க மாமியாரையும் கூப்பிட்டுச் சொல்லணுமாம். பெறவு கேட்டாங்க, எப்பம் வந்து சேருவீங்கன்னு." ரெனிஷா மாமியின் இரு கையையும் பிடித்துக்கொண்டாள். "கெடச்சாச்சு மாமி. வேல கெடச்சாச்சு!"

நேசம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து தோத்திரம் சொன்னாள். "நீதான் எம் மவ" என்றாள். மீன் நாற்றமடிக்கும் கையாலேயே ரெனிஷாவின் கன்னத்தைப் பிடித்து முத்தமிட்டாள். இத்தனை காலம் எங்கே வைத்திருந்தாளோ, எல்லாம் கொட்டியது. கடைசியில் மூக்கைச் சிந்திக்கொண்டு, "வசனம் வேல செய்யாதுன்னு எவனாவது இனி எங்கிட்ட சொல்லட்டும்" என்றாள்.

"சொல்ல மாட்டாங்க" என்றாள் ரெனிஷா. உரித்து வைத்திருந்த ஸ்டிக்கரை எடுத்து வந்து, லேப்டாப் மூடியில் பென்குவினின் வயிற்றுக்கு நேராகத் தானே ஒட்டினாள். பறவைக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

"ஆனா மாமி, ஒரு காரியம். வேல வீட்டுல இருந்துதான். மொதல் வாரம் மட்டும் பெங்களூர்ல இருக்க அவங்க ஆபீசுக்கு நேர்ல வரணுமாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்கால டிக்கெட்டுலேயே போயிரலாம்."

நேசம்மாளின் முகம் சற்றே வாடியது.

"வாடாதிய. நீங்களும் வாறிய. எங்கூடவே. இன்னொரு டிக்கெட் போடப்போறேன். இப்பம்தான் நம்ம லேப்டாப்புல வைஃபை வருதுல்லா!"

சபை டூரில் அதே மாவட்டத்து வட்டக்கோட்டை வரை போய்க் கடலைப் பார்த்ததுதான் நேசம்மாளின் பெரிய பயணம். அவளா பெங்களூருக்கு? உப்பு டப்பா எது, சீனி டப்பா எது என்று தெரியாத மனுஷனை விட்டுவிட்டா? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "எந்தச் சேல உடுத்தலாம்?" என்று வந்தது.

ரெனிஷா கைதட்டிக்கொண்டு, மாமாவிடம் சொல்லத் தோட்டத்துக்குள் ஓடினாள்.

நேசம்மாளின் இடுப்பில் செருகியிருந்த ரெனிஷாவின் போன் அடித்தது. அவளே எடுத்தாள். பெனிஷ்.

"எம்மா, மத்தியானம் நான் அப்பிடிச் சொல்லியிருக்கப்பிடாது. மனசுல வைக்காத."

"போட்டும்லே. அவளுக்கு வேல கெடச்சாச்சு!"

"கெடச்சாச்சா?" என்று அவன் போட்ட சந்தோஷக் கூச்சலில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள். பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். "எம்மா, நானும் ஒண்ணு சொல்லுதேன். ரெனிஷாகிட்ட மூச்சு விடாத. எனக்கு லீவு கெடச்சாச்சு. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திருவனந்தபுரத்துல எறங்குதேன். வாசல்ல வந்து நின்னு அவள அசத்தணும். நீ சொல்ல மாட்டல்லா?"

நேசம்மாள் பதில் சொல்வதற்குள் தோட்டத்தில் இருந்து ரெனிஷா திரும்பி வந்தாள். மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக.

"மாமா சரின்னுட்டாங்க மாமி! அந்த டிக்கெட்ட எங்க வச்சிய? அதே ரயில்ல ஒங்களுக்கும் போட்டுருதேன்."

போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, நேசம்மாள் அரிசிப் பானையைப் பார்த்தாள்.